ஒலிபெருக்கியில் கேட்ட இழுப்பு

எனக்கு வந்த நோய் எங்கள் பக்கத்தில் நிறையப் பேருக்கு இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லிக்கொள்ள எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். நானும் பட்டேன், இன்னும் படுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உடம்பு ஒரு நிலைக்கு வந்துவிட்ட இந்த நேரத்தில், நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பள்ளிவாசல் மோதினார். கீழ்க்கட்டளையிலிருந்து மேடவாக்கம் போகிற வழியில் ஒரு தெருவுக்குள் இருக்கிறது எங்கள் பள்ளி. ஐந்து வேளையும் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைப்பது, பள்ளியைப் பெருக்கிக் கழுவி வைப்பது, மாலையில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுப்பது என் வேலை. பள்ளிக்குப் பின்னால் இரண்டு அறை வீடு கொடுத்திருக்கிறார்கள். வேலை இருக்கும்வரை வீடு. அதில் நான், என் மனைவி மைமூன், பத்தாவது படிக்கும் மகள் ஷாகிரா. மைமூன் காலையில் இடியாப்பம் அவித்துத் தெருவில் நாலைந்து வீடுகளுக்குக் கொடுப்பாள்.

எனக்கு என் குரல்மேல் கர்வம் உண்டு. படிப்பு குறைவு, சொத்து இல்லை, பார்க்கவும் ஆள் சுமார்தான். ஆனால் நான் பாங்கு சொன்னால் ரோட்டில் போகிறவர்கள் ஒரு நிமிடம் நடையை மெதுவாக்குவார்கள். ஒரே மூச்சில் ஒரு வரியை எவ்வளவு தூரம் இழுக்க முடியும் என்று எனக்கு நானே போட்டி வைத்துக்கொள்வேன்.

எங்களுக்குக் கிழக்கே, சதுப்பு நிலத்தை ஒட்டிப் பெரிய குப்பைமேடு இருக்கிறது. மழை நின்று பனி இறங்கும் மாதங்களில் அது அடிக்கடி தீப்பிடித்துக்கொள்ளும். பகலில் புகை மேலே போய்விடும். விடியலில் பனியோடு சேர்ந்து தரையோடு தரையாக வரும். ரப்பர் கருகுகிற வாடையும் அழுகல் வாடையும் சேர்ந்து, நாக்கில் கூட அந்த ருசி ஒட்டிக்கொள்ளும்.

அப்படி ஒரு பனிக்காலத்தில்தான் சுகாதார நிலையத்து நர்ஸ் விமலா எங்கள் முத்தவல்லி காதர் பாயைப் பார்க்க வந்தார். முத்தவல்லி என்றால் பள்ளியின் நிர்வாகத்தைப் பார்ப்பவர். நானும் பக்கத்தில் நின்றேன்.

"பாய், புகை வர்ற அன்னிக்கு உங்க மைக்ல நாலு வார்த்தை சொல்லணும். அம்மன் கோயில்லயும் கேட்டிருக்கேன், சர்ச்லயும் கேட்டிருக்கேன். அவங்க சரின்னுட்டாங்க."

"புகை வருதுன்னு எப்படிம்மா முன்னாடியே தெரியும்?" என்று காதர் பாய் கேட்டார்.

"காத்தை அளக்கிற மிஷின் நம்ம பக்கம் எங்க இருக்கு? குப்பைமேட்டுப் பக்கம் குடியிருக்கிறவங்க எனக்கு போன் பண்ணுவாங்க, நான் உங்களுக்குப் பண்ணுவேன். அவ்ளோதான் நம்ம மிஷின்."

அவர் சொல்லிக்கொடுத்த வாசகம் எனக்கு மனப்பாடம். 'இன்று காற்றில் புகை அதிகம். ஜன்னல்களைச் சாத்தி வையுங்கள். குழந்தைகள், வயதானவர்கள், மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் வெயில் ஏறும்வரை வெளியே வர வேண்டாம். மூச்சு முட்டினால் சுகாதார நிலையத்துக்கு வாருங்கள், மூச்சைத் திறக்கும் மருந்துப் புகை வைக்கப்படும்.' புகை நாட்களில், விடியலுக்கு முந்திய சுபுஹுத் தொழுகை முடிந்ததும் இதைச் சொல்வேன். பாங்குக்குக் கொடுக்கிற அதே நிதானத்தோடு சொல்வேன். விமலாவே ஒருநாள், "ரேடியோவுல வர்ற மாதிரி இருக்கு பாய்" என்றார்.

அந்தப் பனிக்காலம் முழுக்க எனக்கு இருமல் இருந்தது. சுக்குக் கஷாயம் குடித்தேன், பனங்கற்கண்டு வாயில் அடக்கிக்கொண்டேன். விடியலில் நெஞ்சுக்குள் பூனை கத்துவதுபோல ஒரு சத்தம் வரும். தொண்டைதானே என்று நினைத்தேன்.

ஒருநாள் சுபுஹுக்குக் கதவைத் திறந்தபோது எதிர்வீட்டு விளக்கு தெரியவில்லை. அவ்வளவு புகை. முற்றத்தைத் தாண்டி மைக் இருக்கும் அறைக்குப் போவதற்குள் சுவரைப் பிடித்து நிற்க வேண்டியிருந்தது. இருந்தும் ஆரம்பித்துவிட்டேன். முதல் வரிகள் வந்துவிட்டன. சுபுஹுப் பாங்கில் மட்டும், 'தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது' என்று பொருள்படும் வரி ஒன்று வரும். அதற்கு முன்னால் மூச்சை நன்றாக இழுத்துக்கொள்வது என் வழக்கம். அன்று இழுத்தேன். காற்று உள்ளே போகவில்லை. இன்னும் இழுத்தேன். இழுத்த காற்று வெளியே வரவுமில்லை. மைக்கைப் பிடித்தபடியே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மைக்கை அணைக்க வேண்டும் என்று தோன்றியது, கை எட்டவில்லை. என் இழுப்புச் சத்தம் நாலு தெருவுக்கும் போய்க்கொண்டிருந்தது. அது எனக்கே மேலே கோபுரத்துக் குழாயிலிருந்து திரும்பக் கேட்டது. சாகப்போகிறேன் என்ற பயத்தைவிட, இதை எல்லோரும் கேட்கிறார்களே என்ற வெட்கம்தான் அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது. இதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

மைமூனும் ஷாகிராவும் ஓடி வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் எதிர்வீட்டு ஆட்டோ ஓட்டுநர் செல்வம் வந்துவிட்டார். லுங்கியோடு, சட்டைகூடப் போடாமல்.

"இன்னா பாய், இன்னா ஆச்சு? மைக்குல கொர்ர்ருன்னு கேக்குது, நான் பயந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "யக்கா, நீ ஏறி அவரு முதுக புடிச்சிக்கோ. பாப்பா, வூட்ட பூட்டிகினு வா."

ஆட்டோவில் சாய்ந்து உட்கார முடியவில்லை. முன்னால் குனிந்து, செல்வத்தின் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மைமூன் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். பல்லாவரம் வருவதற்குள் என்னை அறியாமல் சிறுநீர் போய்விட்டது. வேட்டி நனைந்து, சீட் நனைந்து, காலில் வழிந்தது. மகள் பக்கத்தில் இருக்கிறாள். அந்த நிலையிலும் வேட்டியை இழுத்து மூடப் பார்த்தேன்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு நர்சிங் ஹோமில் இறக்கினார்கள். செல்வம் என்னைத் தூக்கும்போது அங்கே இருந்த ஆயா, "என்னப்பா ஈரமா இருக்கு?" என்று கேட்டாள்.

"தண்ணி பாட்டில் கவுந்துச்சும்மா. நீ மொதல்ல ஆள பாரு" என்றார் செல்வம். வண்டியில் தண்ணீர் பாட்டிலே கிடையாது.

அங்கே ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, மூச்சைக் கொஞ்சம் கைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், வலது பக்கம் ஒரு நிழல் தெரிகிறது என்றார். "டிபியா இருக்கலாம். இங்க வச்சிக்க முடியாது. தாம்பரத்துல நெஞ்சு ஆஸ்பத்திரிக்கே போயிடுங்க."

அந்த ஆஸ்பத்திரியின் பெயரை எங்கள் பக்கத்தில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. கண்டக்டர் அந்த நிறுத்தத்தின் பெயரைக் கூவும்போது, இறங்குகிற பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன். செல்வம் நேராக வாசலில் கொண்டுபோய் விட்டார். நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

பழைய மரங்கள் நிறைந்த இடம் அது. மரத்தடியில் எல்லாம் ஆட்கள் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பெயர் பதிந்து, பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்து, மறுபடி படம் எடுத்து, பெஞ்சில் காத்திருந்து, ஒருவழியாக வார்டில் கட்டில் கிடைத்தது. டிபி இல்லை என்று தெரிகிறவரை அந்தச் சந்தேகம் உள்ளவர்களைத் தனியாக வைத்திருப்பார்களாம். எங்கள் வார்டு அதுதான். இருமல் சத்தத்தை வைத்தே யார் எந்தக் கட்டில் என்று சொல்லிவிடலாம்.

காலையில் வெறும் வயிற்றில் ஆழமாக இருமி, வருகிற சளியை ஒரு மூடி போட்ட டப்பாவில் துப்பிக் கொடுக்க வேண்டும். அதில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒருமுறை பார்த்தால் போதாது, அடுத்தடுத்த காலைகளிலும் கேட்பார்கள். எச்சிலைத் துப்பினால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எத்தனையோ பிள்ளைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, உச்சரிப்பு தப்பினால் திருத்துகிறவன் நான். என்னிடம், டப்பாக்களை வாங்கி வைக்கிற வேலையில் இருந்த ஒரு சின்னப் பெண், "இது சளி இல்ல தாத்தா, நல்லா அடிவயித்துலேர்ந்து இருமுங்க" என்று டப்பாவைத் திருப்பித் தந்தாள்.

ஆண்கள் வார்டில் பெண்கள் தங்க முடியாது. மைமூன் வெளியே வராந்தா பெஞ்சில் இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் உள்ளே வருவாள். எனக்குத் தனித் தம்ளர், தனித் தட்டு. நான் குடித்து வைத்த டீயில் மீதியைக் குடிக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. அங்கேயும் எடுத்து வாயில் வைக்கப் போனாள். நான் பிடுங்கிக் கொட்டினேன்.

"என்ன இப்ப?" என்றாள்.

"டாக்டர் சொல்லியிருக்காங்கல்ல."

"சந்தேகம்னுதானே சொன்னாங்க. அதுக்குள்ள நீங்களே முடிவு பண்ணிட்டீங்க" என்று தம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

செல்வத்தின் ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்த ஷாகிராவை விமலா போய்ப் பார்த்தார் என்று பிறகு தெரிந்தது. டிபி என்று சந்தேகம் வந்தால் வீட்டில் உள்ளவர்களையும் பார்ப்பது அவர்கள் வழக்கம். வெள்ளைப் புடவையோடு அவர் எங்கள் வாசலில் நின்றதைத் தெரு பார்த்துவிட்டது. அன்று மாலையே ஓதுகிற பிள்ளைகளில் பாதி வரவில்லை. காதர் பாய் என்னைப் பார்க்க வந்தவர், வார்டுக்குள் வராமல் ஜன்னல் பக்கம் நின்று பேசினார்.

"பிள்ளைங்கள இப்போதைக்கு வேற ஆள வச்சுப் பாத்துக்கிறோம் பாய். நீங்க அதப்பத்தி நினைக்காதீங்க. வீட்டப்பத்தியும் நினைக்காதீங்க." வீட்டைப்பற்றி நான் அதுவரை நினைக்கவே இல்லை. அவர் சொன்னபிறகு நினைக்க ஆரம்பித்தேன்.

செல்வம் தன்னுடைய செல்போனை எங்களிடம் விட்டுப் போயிருந்தார். சவாரிக்காரர்கள் கூப்பிடுவார்களே என்றதற்கு, "கூப்புட்டா நீயே சொல்லு பாய், வண்டி ஆஸ்பத்திரி டூட்டில கீதுன்னு" என்றார். வெள்ளிக்கிழமை மதியம், ஜும்ஆத் தொழுகை நேரத்தில், அந்த போனில் காதர் பாய் கூப்பிட்டார். "ஜும்ஆவுல உங்களுக்காக துஆ கேக்கப் போறோம். லைன்லயே இருங்க" என்றார். ஸ்பீக்கரில் போட்டு நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டேன்.

எனக்காகச் செய்த அந்தப் பிரார்த்தனை, துஆ, நன்றாக இருந்தது. நானும் இரண்டு கைகளையும் ஏந்தினேன். அது முடிந்த பிறகும் அவர் போனை அணைக்கவில்லை, மறந்திருப்பார். "நம்ம பள்ளி மோதினார் இஸ்மாயில் பாய் நெஞ்சு நோய் வந்து ஆஸ்பத்திரியில இருக்கிறார். ஏழைக் குடும்பம். வாசல்ல துண்டு விரிச்சிருக்கோம். உங்களால முடிஞ்சதைப் போட்டுட்டுப் போங்க" என்று என் மைக்கில், என் பெயரைச் சொல்லி அறிவிப்பது கேட்டது. எத்தனையோ பேருக்காக அந்தத் துண்டின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். போடுகிறவர்கள் முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன். யாருக்காகப் போடுகிறார்களோ அவர் எங்கே இருப்பார், கேட்டுக்கொண்டிருப்பாரா என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

போனை அணைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலில் தேவராஜ் என்பவர் இருந்தார். பம்மல் பக்கம் கல் உடைக்கிற இடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவர். கல் தூசி நுரையீரலில் படிந்து இறுகிப்போனவர்.

"உன் பேருதானே சொன்னாங்க?" என்றார்.

"ஆமா."

"ஏன்யா மூஞ்சிய திருப்பிக்கினே? ஊரே உன்ன நெனைக்குது. நான் இங்க கீறேன்னு என் வூட்டுக்கே நெனப்பு இல்ல." கொஞ்சம் இருமிவிட்டு, "அந்த டிபன் பாக்ஸ்ல இன்னா கீது, குட்றா பாக்கலாம்" என்றார். மைமூன் கொண்டுவந்த கிச்சடியை இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவர் என் தட்டைப் பார்த்துப் பயப்படவில்லை.

எல்லா முடிவுகளும் வந்து, டிபி இல்லை என்றார்கள். டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். பொறுமையாகச் சொன்னார். எனக்கு இருப்பது ஆஸ்துமா. ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது. மூச்சுக் குழாய்களின் உட்சுவர் வீங்கி, சளி அடைத்து, குழாய் சுருங்கிவிடுகிறது. ஒரு பக்கம் சளி கெட்டியாக அடைத்து நுரையீரலின் ஒரு மூலை சுருங்கியிருக்கிறது. அதுதான் படத்தில் நிழல். காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் இந்த நோயில் கஷ்டம். பழைய காற்று வெளியே போகாததால் புதுக் காற்றுக்கு இடம் இல்லாமல் போகிறது.

"பீடி, சிகரெட்?"

"கிடையவே கிடையாதும்மா."

"அப்ப புகைதான். குப்பை எரிக்கிற பக்கமா உங்க வீடு?"

நான்தான் அந்தப் புகைக்கு எச்சரிக்கை சொல்கிறவன் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

இரண்டு இன்ஹேலர் கொடுத்தார்கள். ஒன்று தினமும் எடுக்க வேண்டியது, வீக்கத்தைக் குறைக்க. இன்னொன்று முட்டும்போது மட்டும், குழாயை உடனே திறக்க. மூச்சை வெளியே விட்டு, வாயில் வைத்து அழுத்தி, மெதுவாக இழுத்து, கொஞ்சம் அடக்க வேண்டும். பாங்குக்கு மூச்சு பிடித்துப் பழகியவனாதலால் அது எனக்குச் சட்டென்று வந்துவிட்டது. "இவ்ளோ கரெக்டா முதல் தடவையே யாரும் பண்ணதில்ல" என்றார் நர்ஸ். என்னவோ அதில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

வீட்டுக்கு வந்தேன். பாங்கு சொல்ல ஒரு வாலிபனை வைத்திருந்தார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. பள்ளியையாவது பெருக்கலாம் என்றால், தூசி வருமென்று அதையும் வேண்டாம் என்றார்கள். பிள்ளைகள் மட்டும் திரும்பி வரவில்லை. காதர் பாய் நல்ல மனதோடுதான் வந்து கேட்டார்.

"பாய், மைக்ல ஒரு தடவை சொல்லிடட்டுமா? மோதினாருக்கு டிபி இல்லை, பயப்படாம பிள்ளைங்கள அனுப்புங்கன்னு?"

"அல்லாவுக்காக வேணாம் பாய்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இன்ஹேலரை எடுக்க நான் கக்கூசுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். அந்த 'புஸ்' சத்தம் வெளியே கேட்காமல் இருக்கத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவேன். ஆம்பளை, வாயில் இதை வைத்துக்கொண்டு நிற்பதா என்று இருக்கும்.

இதையெல்லாம் விமலா எப்படியோ தெரிந்துகொண்டார். ஒரு நாள் வந்து, "உங்க ஓதுற ஹால்ல ஒரு முகாம் வைக்கப் போறேன் பாய். மூச்சை ஊதிப் பாக்குற முகாம். ஏற்கெனவே ரெண்டு தெருவுல வச்சேன், ஒருத்தரும் வரல. இழுப்புன்னு பேர் வந்துடும்னு பயம். நீங்க முதல்ல வந்து எல்லார் முன்னாடியும் ஊதணும்" என்றார்.

"என்னை ஏம்மா?"

"உங்களுக்கு இருக்குன்னு எல்லாருக்கும்தான் தெரியுமே. மைக்லயே கேட்டாங்களே." சிரிக்காமல்தான் சொன்னார். சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முகாம். ஹாலுக்கு நடுவே துணி கட்டி, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஊதுகிற கருவி ஒரு பிளாஸ்டிக் குழாய், அதன்மேல் கோடு போட்டு ஒரு சிவப்பு முள். நன்றாக மூச்சு இழுத்து ஒரே வேகமாக ஊதினால் முள் தள்ளிக்கொண்டு போய் நிற்கும். எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு நல்லது. செல்வம் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். வாசலில் பத்துப் பதினைந்து பேர் உள்ளே வராமல் நின்றார்கள்.

நான் ஊதினேன். முள் பாதியைக் கொஞ்சம் தாண்டி நின்றது. பிறகு பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து, எல்லோரும் பார்க்க, வாயில் வைத்து எடுத்தேன். காது இரண்டும் சூடாகிவிட்டது. சற்று நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னார் விமலா. முள் முன்னைவிட நன்றாகவே தள்ளிப் போனது. "மருந்துக்கு முன்னாடி அங்க, பின்னாடி இங்க. அவ்ளோதான் விஷயம்" என்றார். செல்வம் வாங்கி ஊதினார். முள் கடைசிவரை போனது. "பாத்தியா பாய், நம்ம இஞ்சின் சூப்பரா கீது" என்றார். வாசலில் நின்றவர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்துவிட்டார்கள். திரைக்கு அந்தப் பக்கமும் பெண்கள் குரல் கேட்கத் தொடங்கியது. மைமூன் எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் விமலா திரையை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பாய், உங்க வீட்டுக்காரம்மாவ சும்மா ஊதச் சொன்னேன். மூணு தடவை ஊதிட்டாங்க. முள் நகரவே மாட்டேங்குது."

"அவளுக்கு ஊதத் தெரியலையா இருக்கும்" என்றேன்.

"தெரியுது பாய். மூச்சுதான் இல்ல."

இப்போது அவளும் தேறிவிட்டாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பயந்துகொண்டு படிக்க வேண்டாம். மருந்து எடுத்துக்கொள்கிறாள். முழுசாகச் சரியாகாது, இதற்குமேல் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளும் ஒவ்வொருவராக ஓத வந்துவிட்டார்கள். பாங்கு அந்த வாலிபன்தான் சொல்கிறான், புகை அறிவிப்பும் அவன்தான் படிக்கிறான். அந்த வாசகத்தில் விமலா ஒரு வரி சேர்த்துக் கொடுத்திருக்கிறார். 'ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் விறகு, மரத்தூள் அடுப்பு எரிக்காதீர்கள்.' அந்த வரி எங்களால் வந்தது. எப்படி என்றால் இப்படி.

முகாம் முடிந்த மறுநாள் மைமூனை அதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இந்தத் தடவை நான் துண்டால் முகத்தை மூடவில்லை. அவளும் மூடவில்லை. எனக்குப் பார்த்த அதே டாக்டரம்மா. மைமூனை முக்காலியில் உட்கார வைத்து முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். நான் சுவரோரமாக நின்றேன்.

"மூச்சு வாங்குறது எவ்ளோ நாளா இருக்கு?"

மைமூன் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "பாப்பா பொறந்து கொஞ்ச நாள்லேர்ந்து" என்றாள். ஷாகிராவைச் சொல்கிறாள்.

"சமையல் எதுல?"

"வீட்டுக்கு ஸ்டவ். இடியாப்பத்துக்கு மரத்தூள் அடுப்பு. கொல்லையில வச்சிருக்கேன்."

"கொல்லைன்னா வெளியிலதானே? பரவால்ல."

"வெளியிலதான். புகை வர்ற அன்னிக்கு மட்டும் உள்ள தூக்கி வச்சிக்குவேன். ஜன்னலையும் சாத்திடுவேன். இவருதான் மைக்ல சொல்லுவாரே, வெளியே வராதீங்க, ஜன்னலைச் சாத்துங்கன்னு."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். நான் பள்ளியில் நின்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் இவள் நான் சொன்னபடியே செய்துகொண்டிருந்திருக்கிறாள். தொழுகை முடிந்து வீட்டுக்குள் வரும்போது கண் எரியும். வெளிப்புகை உள்ளே வந்துவிட்டது என்றுதான் நினைப்பேன்.

"ஏன் இவர்கிட்ட சொல்லல?"

"சொல்லி என்ன பண்றது? இவரு மூச்சு நின்னா ஊரே கேக்குது. என்னுது எங்க கேக்கப் போகுது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. லேசாகச் சிரித்துக்கூட வைத்தாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "படுத்தா மூச்சு முட்டுதா?"

"படுக்கிறதே இல்லம்மா. உக்காந்துதான். சுவத்துல சாஞ்சிக்கிட்டு அப்படியே விடியவிடிய ஓட்டிடுவேன்."

நான் எழுந்திருக்கும்போதெல்லாம் அவள் இருட்டில் சுவரோரமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். உதடு அசைந்துகொண்டிருக்கும். இறைவனைத் துதிக்கும் தஸ்பீஹ் ஓதுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் அவளைத் தாண்டிப் போவேன். தூக்கத்தையும் விட்டு இறைவனை நினைக்கிற பெண் எனக்கு வாய்த்திருக்கிறாள் என்று பள்ளியில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க ஒரே வீட்லதானே இருக்கீங்க?"

மைமூன் எனக்கு முந்திக்கொண்டு, "இவருக்கு விடியக்காலையில எந்திரிக்கணும்மா. நான்தான் தொந்தரவு பண்றதில்ல" என்றாள். அவ்வளவு சொல்வதற்குள் அவளுக்கு நடுவில் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அதை நான் அன்றுதான் எண்ணினேன்.